நோயில் மெலிந்த முயலைத் தேற்றுவது எப்படி?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "எங்கள் பெண் முயலுக்கு மூன்று வயது. நன்றாக இருந்த காலத்தில் 2 கிலோ 100 கிராம். மார்கழி மழைக்குள் சாப்பாட்டை விட்டுவிட்டது, புழுக்கையும் நின்றுபோனது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போட்டோம். இப்போது புழுக்கை போடுகிறது, கொஞ்சம் கொறிக்கிறது. ஆனால் நிறை 1 கிலோ 650க்கு வந்துவிட்டது. தடவினால் முதுகெலும்பு கையில் குத்துகிறது. ஊறவைத்த கடலையும் பாணும் கொடுத்தால் கெதியில் உடம்பு வைக்கும் என்று அம்மா சொல்கிறா. கொடுக்கலாமா?"

வேண்டாம், தங்கச்சி. கடலையும் வேண்டாம், பாணும் வேண்டாம். அம்மா அன்பில்தான் சொல்கிறார். ஆடு மெலிந்தால் நாம் அதைத்தான் செய்வோம், பிள்ளை மெலிந்தால் உளுந்து மாவும் முட்டையும் கொடுப்போம். முயலின் வயிறு அந்த வழிக்கு வராது.

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகப் படுவான்கரைக் கிராமங்களில் வருடக்கணக்கில் மாடும் ஆடும் பார்த்துத் திரிந்தவன். மிருக வைத்தியர் அல்ல. வீட்டில் முயல் வளர்க்கத் தொடங்கிய புதிதில், நோயில் மெலிந்த ஒரு சாம்பல் முயலுக்கு, ஆட்டுக்காரருக்குச் சொல்வதைப் போலவே ஊறவைத்த கடலையும் தேங்காய்ப் புண்ணாக்கும் வைத்தேன். இரண்டு நாள் ஆசையாகத் தின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் பின்னேரம் வயிறு மத்தளம் மாதிரி ஊதியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தபடி மூலையில் குந்தியிருந்தது. விடியும்போது உயிர் இல்லை. நோயிலிருந்து தப்பிய முயல் நான் கொடுத்த தீனால் செத்தது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

என்ன நடந்தது என்றால், முயலுக்குச் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குருட்டுக்குடல் என்று ஒரு பெரிய பை இருக்கிறது. இரைப்பையை விடப் பெரியது. அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லைப் புளிக்க வைத்து முயலுக்குச் சத்தாக மாற்றித் தருகின்றன. அவற்றுக்கு வேண்டியது நார். நார் போய்க்கொண்டே இருந்தால்தான் குடலும் அசைந்துகொண்டே இருக்கும். மாச்சத்து நிறைந்த கடலை, பாண், சோறு, பிஸ்கட் எதுவானாலும் அந்தப் பைக்குள் போய் விழுந்தால் கெட்ட கிருமிகள் பெருகி வாயு கட்டும், நஞ்சு சுரக்கும். நல்ல முயலே இதில் படுத்துவிடும். ஏற்கெனவே குடல் நின்று, இப்போதுதான் மெல்ல ஓடத் தொடங்கிய முயலுக்குச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வர வேண்டும்.

ஆகவே உங்கள் முயலுக்கு உடம்பு வைக்கப்போவது புல். அது மெதுவாகத்தான் நடக்கும்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அது ஏன் சாப்பாட்டை விட்டது? 2100 கிராமில் 450 கிராம் போயிருக்கிறது, ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 50 கிலோ ஆள் 40 கிலோவுக்கு வந்த மாதிரி. முயலின் நிறை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே நான் காரணம் தேடத் தொடங்குவேன். "வயிறு மந்தம்" என்று வைத்தியர் சொல்லியிருப்பார், ஊசியும் வேலை செய்திருக்கிறது. ஆனால் குடல் நிற்பது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றின் விளைவு. எங்கோ வலி இருந்திருக்கும், அல்லது நார் போதாமல் போயிருக்கும், அல்லது பயந்திருக்கும், வெக்கை தாக்கியிருக்கும். காரணம் அப்படியே கிடந்தால் நீங்கள் ஊட்டி ஊட்டி ஏற்றும் நிறை அடுத்த மாதம் திரும்பவும் இறங்கும்.

நான் முதலில் சந்தேகிப்பது பல்லை. முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் கிழமைக்கு 2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வளரும். கடைவாய்ப் பல்லும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். மென்மையான தீனையே தின்று வளர்ந்த முயலுக்குக் கடைவாய்ப் பல் சரியாகத் தேயாமல், ஓரத்தில் முள் மாதிரிக் கூர் எடுத்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முயலுக்குப் பசி இருக்கும். புல்லுக்குக் கிட்ட வரும், வாயில் எடுக்கும், இரண்டு கடி கடித்துவிட்டுக் கீழே போடும். பார்ப்பவர்கள் "சாப்பிட மனமில்லை" என்று நினைப்போம்.

எங்கள் வீட்டு வெள்ளை முயல் ஒன்றில் இதை நான் கண்டுபிடித்தது தாடையைத் தொட்டுத்தான். இரவு சாப்பாடு வைத்துவிட்டுத் தலையைத் தடவும்போது நாடியின் கீழே மயிர் ஈரமாக இருந்தது. தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும் அதே ஈரம். டோர்ச் அடித்துப் பார்த்தபோது அந்த இடத்து மயிர் பிசுபிசுத்து, திரிதிரியாக ஒட்டியிருந்தது. தோல் இலேசாகச் சிவந்திருந்தது. எச்சில்தான் வழிந்துகொண்டிருந்திருக்கிறது. முன்கால்களின் உட்புறத்திலும் அதே பிசுபிசுப்பு, வாயைத் துடைத்துத் துடைத்து. வெளியே தெரிந்த முன்பல் இரண்டும் அழகாக இருந்தன. பிழை முழுக்க உள்ளே. மயக்க மருந்து கொடுத்து வைத்தியர் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்ட மூன்றாம் நாள் அது தானாக அறுகம்புல்லைத் தின்றது.

அதனால் இன்றைக்கே நாடியையும் முன்கால்களின் உட்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். கீழ்த்தாடை ஓரமாக விரலை ஓட்டி, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். மேல்உதட்டை விலக்கி முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அதற்கு மேல் வாய்க்குள் பார்ப்பது வைத்தியரின் வேலை. போகும்போது "கடைவாய்ப் பல்லையும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நமது பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும்தான் வரும், முயல் எப்போதாவது ஒன்று. கேட்காவிட்டால் விடுபட்டுப் போகலாம். மயக்கம் கொடுத்துச் செய்யும் பல் வேலை இங்கே முடியாது என்று சொன்னால், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நீண்ட பயணம்தான். கூடை நிறையப் புல்லை வைத்துக்கொண்டு போங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்னால் முயலைப் பட்டினி போடக் கூடாது, நாய் பூனைக்குச் சொல்லும் விதி இதற்கு இல்லை.

பல் சரி என்றால் அடுத்தது புழுக்கைப் பரிசோதனை. மழைக்காலத்தில் கூடு ஈரமாகவே கிடக்கும்போது கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி பெருகும். குட்டிகளைத்தான் அதிகம் கொல்லும். பெரிய முயல் பலவீனப்பட்டிருந்தால் அதையும் மெலிய வைக்கும். கடையில் வாங்கிக் கொடுக்கும் பூச்சி மாத்திரை இதற்குக் கேட்காது, இது புழு இல்லை. அன்று போட்ட புழுக்கை கொஞ்சத்தைச் சுத்தமான போத்தலில் போட்டுக் கொண்டுபோனால் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்வார்கள். உங்களுடையது பெண் முயல், கருப்பை எடுக்காதது என்று நினைக்கிறேன். அப்படியான பெண் முயல்களுக்கு மூன்று நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு நிறைய. மூத்திரத்தோடு இரத்தம் கண்டால் அதையும் சொல்லுங்கள். ஆனால் சில தீன் தின்றால் மூத்திரம் செம்மஞ்சளாகப் போவது வழமை, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சரி, இனி நிறைக்கு வருவோம்.

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும், 5 கிலோ வரை, கிராம் கணக்கில் காட்டுவது. அதன்மேல் ஒரு கடகத்தையோ பிளாஸ்டிக் பேசினையோ வைத்து, உள்ளே ஒரு துணியை விரித்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு முயலை இருத்துங்கள். தினமும் காலையில், தீன் வைப்பதற்கு முன்னால், ஒரே நேரத்தில். கொப்பியில் திகதியும் கிராமும் எழுதுங்கள். ஒரு நாள் 40 கிராம் ஏறும், அடுத்த நாள் 30 இறங்கும். வயிற்றில் இருக்கும் புல்லும் மூத்திரமும்தான் அது. தனி நாளைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், அழவும் வேண்டாம். ஏழு நாள் கூட்டி ஏழால் பிரித்து, போன கிழமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணை நம்பவே கூடாது. முயலின் மயிர் ஏமாற்றும், நல்ல பஞ்சுபோல இருக்கும் முயலின் உள்ளே எலும்புதான் இருக்கும். தராசோடு கையையும் நம்புங்கள். முதுகெலும்பின் முட்டுகள் இப்போது கூராகக் குத்துகின்றன அல்லவா? தேறிவரும்போது அதே முட்டுகள் சட்டைத் துணிக்குள் இருக்கும் குண்டுமணி மாதிரி உருண்டையாகத் தட்டுப்படும்.

புழுக்கையையும் பாருங்கள். நிறை ஏறுவதற்கு முன்னால் ஏறுவது அதுதான். நல்ல முயல் நாளைக்கு 200, 300 புழுக்கை போடும். உருண்டையாக, ஒரே அளவாக, பிய்த்தால் உள்ளே உமிபோல நார் தெரியும். குடல் மந்தமாக இருக்கும்போது மிளகளவுக்குச் சிறுத்து, கறுத்து, இறுகிப்போகும். உங்கள் முயல் இப்போது எந்த அளவில் போடுகிறது என்று எழுதவில்லை. நிறையை விட எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

இன்னொரு வகைப் புழுக்கை இருக்கிறது. பெரும்பாலும் இரவிலோ விடியப்புறத்திலோ, மினுக்கமாக, சின்னத் திராட்சைக் குலைபோல வரும். முயல் குனிந்து அதை நேரே வாயால் எடுத்துத் தின்றுவிடும். பார்த்தவர்கள் அருவருத்துத் துரத்துவதுண்டு. துரத்தாதீர்கள். குருட்டுக்குடல் செய்து கொடுத்த புரதமும் பி விற்றமின்களும் அதில்தான் இருக்கின்றன. அதைத் தின்னாத முயல் நிறை வைக்காது. காலையில் கூட்டுக்குள் அது நசுங்கிக் கிடந்தாலோ பின்பக்க மயிரில் ஒட்டியிருந்தாலோ, ஒன்று தீனில் மாச்சத்துக் கூடிவிட்டது, அல்லது குனிய முடியாத அளவுக்கு முயலுக்குப் பலவீனமோ வலியோ இருக்கிறது.

புல் விசயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் திமோத்தி என்ற காய்ந்த புல்லைக் கொடுக்கச் சொல்லி எழுதுவார்கள், அதைத் தேடி அலைய வேண்டாம். வேலியோரத்து அறுகம்புல்லும் கினிப்புல்லும் போதும். கினிப்புல்லைப் பூக்க விடாமல், முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். இளம்புல்லில்தான் புரதம் அதிகம், முற்றியது வெறும் தண்டு. மாட்டுப் பண்ணைக்காரரிடம் சீ.ஓ.3 புல் இருந்தால் அதன் இலைப்பகுதியும் நல்லது. எங்கே வெட்டுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். பெரும்போகமானாலும் சிறுபோகமானாலும் வயல் வரம்புகளில் களைநாசினி அடிப்பார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம். அம்பாறைப் பக்கத்து உறவினர் வரம்புப் புல்லைச் சாக்கில் கட்டிக் கொடுத்தாலும் எப்போது மருந்தடித்தது என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். வீதியோரத்து நாய் மூத்திரப் புல்லும் ஆகாது. கழுவி, உதறி, ஈரம் வடிந்த பிறகு கொடுங்கள். எப்போதும் ஒரு கைப்பிடி மிஞ்சிக் கிடக்க வேண்டும். கூடு புல்லில்லாமல் வெறுமையாக இருக்கும் நேரமே இருக்கக் கூடாது.

பச்சைப் புல்லோடு காய்ந்த புல்லும் வேண்டும். இதை நாமே செய்யலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வைகாசியிலிருந்து ஆவணி வரை, கினிப்புல்லை வெட்டித் தகரத்தின் மேலோ படங்கின் மேலோ மெல்லியதாகப் பரப்பி, நாளைக்கு இரண்டு தரம் புரட்டினால் இரண்டு மூன்று நாளில் பச்சை நிறம் முழுக்கப் போகாமலே மொறுமொறுவென்று காய்ந்துவிடும். நல்ல தேயிலை மாதிரி வாசம் வரும். சாக்கில் அடைத்து நிலத்தில் படாமல் உயரத்தில் வைத்தால் மாரிக்கும் உதவும். உங்கள் முயல் மார்கழி மழைக்குள் விழுந்தது என்கிறீர்கள். அந்த நாட்களில் வெளியே போய்ப் புல் வெட்ட முடியாமல் கரட்டும் கோவாவும் கொடுத்துச் சமாளித்திருப்பீர்களோ என்று நினைக்கிறேன். பல வீடுகளில் அப்படித்தான் தொடங்குகிறது. பூஞ்சணம் பிடித்த புல்லை ஒருபோதும் கொடுக்காதீர்கள், மணந்து பாருங்கள், மண்வாடை அடித்தால் எறிந்துவிடுங்கள். நெல் வைக்கோல் கீழே விரிக்க நல்லது. தின்றால் குற்றமில்லை, ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. மெலிந்த முயலை வைக்கோலால் தேற்ற முடியாது.

புல்லுக்குத் துணையாகச் சத்துள்ள இலைகள் கொடுக்கலாம். நான் முதலில் எடுப்பது வற்றாளைக் கொடி. முயல்கள் அதை விரும்பித் தின்னும், புரதமும் உண்டு. செவ்வரத்தை இலையும் பூவும், வாழையிலை, கொத்தமல்லி இலை, புதினா, வல்லாரை இவையெல்லாம் நல்லவை. முருங்கை இலை சத்தானது, சுண்ணாம்பும் அதிகம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சின்ன நெட்டுப் போதும். புதிய இலை ஒன்றைத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் அதை மட்டும் சேர்த்து, புழுக்கை மாறவில்லை என்று கண்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கங்குன் தண்ணீர்ச் சத்து, நிறைக்கு உதவாது. கோவா வாயுவைக் கட்டும், இப்போதைக்கு விடுங்கள். மரவள்ளி இலை நஞ்சு. ஆட்டுக்கு வெட்டும் இபில் இபில் இலையையும் முயலுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு மயிரை உதிர்த்து முயலை இன்னும் மெலிய வைக்கும். அலரியும் எருக்கலையும் ஆமணக்கும் கிட்டவே வேண்டாம்.

முயலுக்கென்று செய்த பெல்லட் தீன் கிடைத்தால், பையில் நார் 18 வீதத்துக்குக் குறையாமல் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். காலை 20 கிராம், இரவு 20 கிராம் என்று தொடங்கலாம். ஒரு கிழமை புழுக்கை நன்றாக இருந்தால் மூன்று நாளைக்கு ஒரு தடவை 5 கிராம் கூட்டி, மொத்தம் 60 கிராம் அளவில் நிறுத்துங்கள். பெல்லட் கூடியதால் புல் தின்பது குறைந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். பெல்லட் இல்லையென்று கோழித் தீனைக் கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்கக் கூடாது. அது தானியமும் மாச்சத்தும். சில கோழித் தீன்களில் கலக்கும் மருந்துகளும் முயலுக்கு ஆகாது. அம்மாவுக்கு ஏதாவது ஆசையாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தால், இரண்டு கிழமை புழுக்கை ஒழுங்காகப் போன பிறகு நாளைக்கு ஒரு தேக்கரண்டி வெறும் ஓட்ஸ். அதற்கு மேல் இல்லை. அதுவரை வற்றாளைக் கொடி பறித்துக் கொடுக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

இனி ஊட்டுவது. உங்கள் முயல் தானாகக் கொறிக்கிறது என்றாலும், நிறை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் சிரிஞ்ச் பிடிக்கத்தான் வேண்டும். நோயாளி முயலுக்குக் கரைத்து ஊட்டும் கிரிட்டிக்கல் கெயார் என்ற மாவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பெல்லட்டைக் கிரைண்டரில் மாவாக அரைத்து, அரிதட்டில் அரித்து, ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு 20 நிமிடம் ஊற வையுங்கள். பெல்லட் தண்ணீரை உறிஞ்சி இறுகும், திரும்பக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கூழ்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நமது வெக்கையில் அது சீக்கிரம் புளித்துவிடும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரையுங்கள்.

எவ்வளவு? கிலோவுக்கு ஒரு வேளை 10 முதல் 15 மில்லிலீற்றர். உங்கள் முயலின் இப்போதைய நிறைக்கு 16 முதல் 25 மில்லி, நாளைக்கு நான்கு வேளை. அது முற்றாகத் தின்னாத முயலின் கணக்கு. தானாகத் தின்னும் முயலுக்கு அதில் பாதி போதும், அதையும் புல் தின்று முடித்த பிறகே கொடுங்கள். முதலில் ஊட்டி வயிறு நிறைந்துவிட்டால் புல்லைத் தொடாது.

ஊட்டும் விதத்தைக் கவனமாகச் சொல்கிறேன், இதில் பிழைத்தால் கூழ் நுரையீரலுக்குப் போய்விடும். நிலத்தில் முழங்காலை மடித்து உட்காருங்கள். துவாயைச் சுற்றி முயலை உங்கள் தொடைகளுக்கு நடுவே, அதன் பின்பக்கம் உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க, முகம் உங்களுக்கு முன்னால் பார்த்தபடி இருத்துங்கள். நான்கு காலும் நிலத்தில். மல்லாக்கப் பிடிக்கக் கூடாது, தலையை அண்ணாக்கவும் கூடாது. இடது கையை நாடிக்குக் கீழே தாங்கலாக வையுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஒரு இடைவெளி இருக்கும். உதட்டோரத்தால் சிரிஞ்சின் நுனியை அதற்குள் விட்டு, தொண்டையை நோக்காமல் மறுகன்னத்தை நோக்கிப் பிடியுங்கள். அரை மில்லி, மிஞ்சினால் ஒரு மில்லி தள்ளுங்கள். நிறுத்துங்கள். தாடை பக்கவாட்டில் அசையும், மூக்கு நுனி துடிக்கும், பிறகு விழுங்குவது நாடிக்குக் கீழிருக்கும் உங்கள் விரலுக்குத் தெரியும். அந்த விழுங்கல் தெரிந்த பிறகுதான் அடுத்த சொட்டு. முதல் நாள் 20 மில்லிக்கு அரை மணித்தியாலம் போகும், பொறுமையாக இருங்கள். சிரிஞ்சின் வாயை வெட்டிப் பெரிதாக்கினால் வெட்டிய விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள், இல்லையென்றால் கன்னத்தைக் கீறும். இருமினாலோ மூக்கால் கூழ் வந்தாலோ உடனே நிறுத்துங்கள். முடிந்ததும் ஈரத்துணியால் நாடியைத் துடைத்துவிடுங்கள்.

வயிறு கல்லாக இறுகியோ பறையாக ஊதியோ இருந்தாலும், காது குளிர்ந்து முயல் துவண்டிருந்தாலும் ஊட்டவே கூடாது. அடைப்பாக இருக்கலாம், உள்ளே தள்ளத் தள்ள ஆபத்து. முயலின் உடற்சூடு வழமையில் 38.5 பாகைக்கு மேல்தான் இருக்கும். 38க்குக் கீழே இறங்கினால் துவாயில் சுற்றிய இளஞ்சூட்டுத் தண்ணீர்ப் போத்தலை அணைத்து வைத்துக்கொண்டு நேரே வைத்தியரிடம் போங்கள். 12 மணித்தியாலம் ஒன்றுமே தின்னாத முயலையும் உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். "மறுகா பாப்பம்" என்று விடுகிற விசயம் இல்லை அது.

மருந்தைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வாங்கிய அமொக்சிசிலின் பாணி வீட்டில் மிச்சம் இருக்கும், முயலுக்கும் இரண்டு சொட்டுக் கொடுப்போம் என்று தோன்றும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாமசியில் கேட்டு வாங்கியே கொடுத்தார்கள். நான்காம் நாள் கழிந்து கழிந்து செத்தது. அமொக்சிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் இவற்றை வாயால் கொடுத்தால் குருட்டுக்குடலின் நல்ல கிருமிகள் அழிந்து முயல் போய்விடும். முயலுக்கு ஏற்ற அன்ரிபயோற்றிக்குகள் வேறு இருக்கின்றன, வைத்தியர் நிறை பார்த்துத் தருவார். உண்ணிக்கென்று நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் தெளிப்பும் முயலுக்கு ஆகாது. வைத்தியரிடம் வலிக்கு மருந்து கேளுங்கள். வலியுள்ள முயல் தின்னாது, எவ்வளவு நல்ல புல் வைத்தாலும்.

தண்ணீரைக் குழாய்ப் போத்தலில் வைக்காமல் கனமான மண் சட்டியில் வையுங்கள், முயல் சட்டியில்தான் கூடக் குடிக்கும். வாவியோரத்திலும் கடலோரத்திலும் சில கிணறுகள் சவர். நீங்கள் குடிக்காத தண்ணீரை அதற்கும் வைக்க வேண்டாம். இலைகளைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பதும் உதவும்.

தேறுவதற்கு மாதக்கணக்கு எடுக்கலாம், கச்சான் காலமும் வந்துவிடும். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை விடும். 30 பாகைக்கு மேல் போனால் தின்பதைக் குறைக்கும். அந்த மாதங்களில் முக்கியமான தீனை விடியக்காலை 5 மணிக்கும் பொழுதுபட்ட பிறகும் வையுங்கள், மத்தியானம் தின்னவில்லை என்று கவலைப்பட வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே கூடு இருந்தால் மாற்றுங்கள். தண்ணீர்ப் போத்தலை ஐஸாக்கித் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் வந்து சாய்ந்துகொள்ளும். கூட்டின் அடியில் கம்பிவலை இருந்தால் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். மெலிந்த முயலுக்குக் குதிக்கால் புண் சீக்கிரம் வரும்; ஒரு பலகையும் மேலே காய்ந்த புல்லும் போட்டுவிடுங்கள். நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது சீமெந்துத் தரையில் சாக்கு விரித்து ஓடவிடுங்கள். போன 450 கிராமில் தசையும் இருக்கிறது, அது அசைந்தால்தான் திரும்ப வரும்.

எவ்வளவு காலம் என்று கேட்பீர்கள். நான் தேற்றிய முயல்களில் முதல் கிழமை புழுக்கை பெருக்கும். இரண்டாம் கிழமை நிறை இறங்குவது நிற்கும். முதலில் ஏறும் 50, 100 கிராம் பெரும்பாலும் குடலுக்குள் நிறைந்த புல்லும் தண்ணீரும்தான். பிறகு மெல்ல மெல்ல, கிழமைக்கு 30, 40, சில கிழமை 60 கிராம். உங்கள் முயல் 2 கிலோவைத் தொட இரண்டரை மாதமும் ஆகலாம். அதைவிட வேகமாக ஏற்ற வழி தேடாதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு கிழமைச் சராசரி ஏறவில்லை என்றால், தீனில் ஒன்றையும் மாற்றாமல் கொப்பியையும் முயலையும் தூக்கிக்கொண்டு திரும்ப வைத்தியரிடம் போங்கள். பல்லிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் கருப்பையிலும் காரணத்தைத் தேட வேண்டிய நேரம் அது.

இன்றிரவு கூட்டைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் புல்லை நிறைய வையுங்கள். காலையில் எத்தனை புழுக்கை, எந்த அளவு, திராட்சைக் குலை ஏதும் கிடக்கிறதா என்று பார்த்து, நாடி ஈரமாக இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். புழுக்கையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியையும் வையுங்கள்.